கம்பெனி மின்காருக்கு வரி எவ்வளவு? பிரிட்டனுக்குப் புறப்படும் நெல்லைச் சீமையாருக்கு

விடுமுறையில் பாளையங்கோட்டை வீட்டுக்கு வரும்போதெல்லாம், அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் பக்கங்களிலிருந்து பிரிட்டனுக்கு வேலைக்குப் புறப்படும் பிள்ளைகள் பெற்றோருடன் பணி நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் அமர்கிறார்கள். அண்மைக் காலமாக அந்தக் கடிதங்களில் ‘கம்பெனி மின்கார் உண்டு’ என்ற வாசகம் அடிக்கடி காணப்படுகிறது. அது இலவசமா, வரி போகுமா, போனால் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன விடையை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் நாட்டில் அலுவலகக் காரை வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பயன்படுத்துவோருக்கு, எஞ்சின் 1.6 லிட்டருக்கு உட்பட்டதா மேற்பட்டதா என்று பார்த்து, மாதம் 1,800 அல்லது 2,400 ரூபாயை வருமானத்தில் சேர்ப்பதே பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. காரின் விலை அந்தக் கணக்கில் வரவில்லை. பிரிட்டனிலோ விலைதான் அடிப்படை. காரின் பட்டியல் விலையை அந்த ஆண்டுக்குரிய விழுக்காட்டால் பெருக்கினால் வருவது உங்களுக்குக் கிடைத்த சலுகையின் மதிப்பு. அதை உங்கள் வருமான வரி விகிதத்தால் பெருக்கினால் வருவது நீங்கள் செலுத்த வேண்டிய வரி.

பட்டியல் விலை என்பது நிறுவனம் கொடுத்த விலை அன்று. தயாரிப்பாளர் அறிவித்த விலை, மதிப்புக் கூட்டு வரி, கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம், கூடுதலாகப் பொருத்திய வசதிகள் ஆகிய யாவும் அதில் அடங்கும். முதல் பதிவுக் கட்டணமும் சாலை வரியும் மட்டும் அடங்கா. விற்பனையாளர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், கார் பிறர் ஓட்டிப் பழையதாகி உங்கள் கைக்கு வந்தாலும், புதிதாக இருந்தபோது குறித்த அதே விலைதான் கணக்கில் நிற்கும். உங்கள் பணத்திலிருந்து காரின் விலைக்கு ஒரு பங்கு செலுத்தினால், 5,000 பவுண்டு வரை அதைக் கழிக்கலாம்.

பலரும் இடறுவது விழுக்காட்டில்தான். பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6 அன்று தொடங்குகிறது. முழு மின்காருக்கு 2020-21இல் விழுக்காடு சுழியமாக இருந்தது; 2025-26இல் 3 ஆனது; 2026-27இல் 4, 2027-28இல் 5, 2028-29இல் 7, 2029-30இல் 9 என்று அறிவித்திருக்கிறார்கள். அதிகப் புகை விடும் பெட்ரோல் கார்களுக்கு இது 37 வரை செல்வதால் மின்கார் இன்றும் மிக மலிவுதான். ஆயினும் ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு இருக்கும்போது, முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்வது தவறு. தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு பிசான விளைச்சலை மட்டும் பார்த்து யாரும் குத்தகை பேசுவதில்லை அல்லவா?

40,000 பவுண்டு பட்டியல் விலையுள்ள காரை 2026 ஏப்ரலில் நான்கு ஆண்டுகளுக்கு எடுப்பதாகக் கொள்வோம். முதல் ஆண்டில் சலுகையின் மதிப்பு 1,600 பவுண்டு. 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 320, 40 விழுக்காடு கட்டுபவருக்கு 640 பவுண்டு. நான்காம் ஆண்டில் மதிப்பு 3,600 ஆகி, வரி 720 அல்லது 1,440 ஆகிவிடும். நான்கு ஆண்டு விழுக்காடுகளையும் கூட்டினால் 25. ஆகவே மொத்த வரி 2,000 அல்லது 4,000 பவுண்டு. ஸ்காட்லாந்தில் வசிப்போருக்கு வருமான வரி விகிதங்கள் வேறு என்பதால், அங்கே செல்பவர்கள் தங்கள் விகிதத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 50,270 பவுண்டைத் தாண்டிய வருமானத்துக்கு 40 விழுக்காடு வரி. 49,500 பவுண்டு சம்பளக்காரர் ஒருவருக்கு இந்த 1,600 சேரும்போது அதில் 830 பவுண்டு எல்லைக்கு மேலே போய்விடும். அவர் கட்டுவது 320 அன்று, 486 பவுண்டு. சம்பளம் எல்லையை ஒட்டி இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வரியைப் பெரும்பாலும் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். வரியில்லா வருமானமான 12,570 பவுண்டைக் குறிக்கும் 1257எல் என்ற வரிக் குறியீடு, 1,600 பவுண்டு சலுகைக்கு 1097எல் என்று மாறும். பிரிட்டனில் எனக்கு முதல் கம்பெனி கார் அக்டோபரில் கிடைத்தது. பணியிடத்தார் வருவாய்த் துறைக்குத் தாமதமாகத் தெரிவித்ததால் பிப்ரவரியில்தான் குறியீடு மாறியது, விட்டுப்போன மாதங்களின் வரியும் சேர்ந்து பிடிபட்டது. வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் நெருக்கிய அந்த மாதத்தை நான் மறக்கவில்லை. கார் கைக்கு வந்த வாரமே வருவாய்த் துறையின் செயலியில் உங்கள் குறியீட்டைப் பாருங்கள்.

சில நிறுவனங்கள் ‘சாலரி சாக்ரிஃபைஸ்’ என்ற முறையில் காரைத் தருகின்றன. வரி பிடிப்பதற்கு முன்னரே சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது இது. மாதம் 500 பவுண்டு விட்டுக்கொடுத்தால், 20 விழுக்காட்டுக்காரருக்கு நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் 8 விழுக்காடும் சேர்ந்து ஆண்டுக்கு 1,680 பவுண்டு மிச்சமாகும். அதிலிருந்து மேற்சொன்ன கார் வரியைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஆனால் விசாவில் செல்பவர்கள் இந்த முறையில் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திறன் தொழிலாளர் விசாவுக்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு. கம்பெனி கார் போன்ற சலுகைகளின் மதிப்பை அந்த வரம்புக்குச் சம்பளமாகக் கொள்வதில்லை. விட்டுக்கொடுத்த பின் சம்பளம் என்னவாகக் கணக்கிடப்படும் என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் பெறாமல் கையெழுத்திடாதீர்கள். இடையில் வேலை மாறினால் ஒப்பந்தத்தை முறிக்கும் கட்டணம் யார் தலையில் விழும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

பணியிடத்தில் மின்னேற்றுவதற்குத் தனி வரி இல்லை. அந்தக் காருக்கு வீட்டில் ஏற்றும் மின்சாரச் செலவை நிறுவனம் திருப்பித் தந்தாலும் இல்லை. ஆண்டின் நடுவில் கார் வந்தால் எஞ்சிய நாட்களுக்கு மட்டுமே வரி.

இந்திய ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு, அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே ஓட்டலாம். அதற்குள் அந்நாட்டுத் தேர்வில் தேறிவிடுங்கள். ஏனெனில் வரி ஓட்டிய தூரத்துக்கு அன்று, உங்கள் பயன்பாட்டுக்குக் கார் கொடுக்கப்பட்டிருப்பதற்கு. உரிமம் முடிந்து கார் வாசலில் சும்மா நின்றாலும் சம்பளத்தில் பிடித்தம் நிற்காது.