சாய்சதுரமாகிப் போன கைத்துணி

ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரத்தில் கதிர் நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும். அந்தச் சத்தத்தில் பாதிக் காது போனதுதான் மிச்சம். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பரணைத் துடைக்கும்போது, ஐந்தாம் வகுப்பில் நூற்ற தக்ளி, விரலால் சுண்டி நூல் நூற்கும் சின்னக் கதிர், கையில் அகப்பட்டது. பித்தளை வில்லை பச்சை பூத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து எடுத்தேன். கதிரும் நூலும் நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு வேறு. தடித்த நூலாக ஒரு உருண்டை நூற்று, மருமகளிடம் பின்னக் கற்றுக்கொண்டு, ஒரு கைத்துணி பின்னினேன். அவள் கோத்தகிரிப் பெண். பின்னல் ஊசி அவளுக்குக் கரண்டி மாதிரி. துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, சதுரம் போட்டீங்களா, சாய்சதுரம் போட்டீங்களா?" என்றாள்.

துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மில்லில் முறுக்கைக் கணக்குப் போட்டே காலம் தள்ளியவன் வீட்டில் அதை மறந்துவிட்டேன். இழை அறுவது, முடிச்சுப் போல் புடைப்பது, துணி சாய்வது, எல்லாம் முறுக்கில் வந்து நிற்கும். தக்ளியில் நூற்று, சாயம் ஏற்றி, சாயாத கைத்துணி பின்னும் வழியை இங்கே சொல்கிறேன்; அதில் முறுக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன்.

முதலில் பஞ்சு. மெத்தைக் கடைப் பஞ்சு வேண்டாம், அதில் பாதி கழிவு. இழை விரலில் நிற்காது. எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியை இன்னும் கொஞ்சம் பேர் போடுகிறார்கள். 1901 முதல் இங்கே இருக்கும் ஆராய்ச்சிப் பண்ணை வெளியிட்ட கே வரிசை ரகங்களும் அந்தக் குடும்பம்தான். இழை ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்புதான் புதிதாக நூற்பவருக்கு உதவி, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கொட்டை நீக்கிய பஞ்சு கால் கிலோ வாங்கினால் இரண்டு மாதம் ஓடும்.

பஞ்சைப் பன்ன, அதாவது இழைகளைப் பிரித்து நேராக்க, வில் தேட வேண்டாம். நாய்க்கு முடி சீவும் கம்பிப் பிரஷ் இரண்டு போதும். ஒன்றில் ஒரு சிட்டிகை பஞ்சை வைத்து மற்றதால் நாலைந்து முறை இழுத்தால் இழைகள் நேராகும். அதைப் பென்சிலில் சுற்றி உருவினால் நூற்பதற்கான பஞ்சுச் சுருள், அதாவது பட்டை, தயார்.

இனி நூற்பு. தண்டில் வில்லைக்கு மேலே ஒரு முழம் பழைய நூலைக் கட்டி, மேலே கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டுங்கள். தக்ளியின் நுனியை ஒரு கொட்டாங்கச்சிக்குள் ஊன்றிக்கொள்ளுங்கள். வலது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுண்டுங்கள். விரல் வழுக்கினால் துளி விபூதி. எங்கள் வாத்தியார் அடுப்புச் சாம்பல் கொடுப்பார். இடது கையில் பட்டையை பீடி பிடிக்கிற அழுத்தத்தில் பிடித்து, நுனியை நூலோடு இரண்டு விரற்கடை ஒட்டவைத்து, முறுக்கு ஏறியதும் கையை மெல்லப் பின்னால் கொண்டுபோங்கள். பட்டையின் வாயில் ஒரு சிறு முக்கோணம் தெரியும். அந்த முக்கோணத்தை மட்டும் பாருங்கள். அது நீண்டு மெலிந்தால் முறுக்குப் போதவில்லை, இன்னொரு சுண்டு. முறுக்கு அதைத் தாண்டி விரலுக்குள் ஏறிவிட்டால் பஞ்சு கயிறாக இறுகி, எவ்வளவு இழுத்தாலும் வராது.

ஓர் இடம் புடைத்துவிட்டதா? முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்கே ஓடும். புடைத்த இடம் முறுக்கில்லாமல் சோம்பிக் கிடக்கும். புடைப்பின் இரண்டு பக்கமும் பிடித்து, கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருகி இழுத்தால் மெலிந்து ஓடிவிடும். ஒரு முழம் ஆனதும், தண்டில் சுற்றுவதற்கு முன் நூலைத் தளர்த்துங்கள். அது தன்மேலேயே சுருண்டு பின்னிக்கொள்ள வேண்டும். சும்மா தொங்கினால் இன்னும் இரண்டு சுண்டு.

நூலின் பருமனை நம்பரில் சொல்வார்கள். 10-ம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டுக்குப் பத்துச் சிட்டம் (நூல் கற்றை), சிட்டத்துக்கு 840 கெஜம். அந்த நூலில் நாலு இழையை ஒன்றாக முறுக்கி நாலு புரியாகச் சேர்த்தால் இரண்டரை நம்பர் ஆகும், பின்ன அளவாக இருக்கும். 50 கிராம் நாலு புரி நூலுக்கு ஒற்றை இழை சுமார் 850 மீட்டர் வேண்டும். எனக்கு மணிக்கு 75 மீட்டர் ஓடும். ஆக, 11 மணி நேரத்துக்கு மேல். மில்லில் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள்.

புரி சேர்க்கும்போதுதான் நான் கோட்டை விட்டது. ஒற்றை இழையை அப்படியே பின்னினால், அதற்குள் இருக்கும் வலஞ்சுழி முறுக்கு பிரியத் துடிக்கும். ஒவ்வொரு கண்ணியும், அதாவது பின்னல் வளையமும், ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பும், துணியே சாயும். நாலு இழையைத் தனித்தனி உருண்டையாக நாலு கிண்ணத்தில் போட்டு, முனைகளைச் சேர்த்து, தக்ளியை இப்போது இடஞ்சுழியாகச் சுண்டுங்கள். எதிர்முறுக்கு ஏற ஏற, உள்முறுக்கு அடங்கும். சேர்ந்த நூலை இரு கையிலும் பிடித்து வளையமாகத் தொங்க விடுங்கள். அசையாமல் தொங்கினால் சரி.

அடுத்தது வேகவைப்பது. நூலைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள்; இறுக்கினால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. 50 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, கொஞ்சம் சோப்பு, ஒன்றரை மணி நேரம் கொதி. தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வரும், அது பஞ்சின் மெழுகும் அழுக்கும். வேகாத சிட்டம் தண்ணீரில் மிதக்கும், வெந்தது சட்டென்று மூழ்கும். மூழ்காவிட்டால் இன்னொரு தடவை.

பருத்தியில் சாயம் ஒட்டவைக்கக் கடுக்காயும் படிகாரமும் வேண்டும். கடுக்காய்த்தூள் 10 கிராமை வெந்நீரில் கரைத்து, ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள், அலச வேண்டாம். நான் முதல் தடவை வீட்டு இரும்புச் சட்டியில் ஊறவைத்தேன். காலையில் நூல் மசிபோல் கறுத்துக் கிடந்தது. சட்டிக்காக வாங்கிய வசவு தனி. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருமைதான். எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைச் சாயத்துக்கென்றே ஒதுக்குங்கள், திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மறுநாள் 8 கிராம் படிகாரத்தைத் தனியாகவும், ஒரு கிராம் சலவைச் சோடாவைத் தனியாகவும் கரைத்துச் சேர்த்தால் நுரைத்து அடங்கும். அதில் இன்னோர் இரவு. பிறகு லேசாக அலசலாம்.

சாயத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி கேளுங்கள். 50 கிராம் வேரை இடித்து முந்தின நாளே ஊறப்போட்டு, நூலோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். கொதிக்க விடாதீர்கள், கொதித்தால் சிவப்பு பழுப்புக்கு இறங்கிவிடும். கை வைக்க முடியாத சூடு, ஆனால் குமிழி வராத பதம். ஒரு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். எங்கள் ஊர் போர்த்தண்ணீரைக் குடிக்க ஆகாது என்று எல்லோரும் திட்டுவார்கள். மஞ்சிட்டிக்கு அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர்தான் பிடிக்கும், செங்கல் சிவப்பு நன்றாக எழும். மஞ்சள் கிழங்கு மட்டும் வேண்டாம். பார்க்கப் பளபளக்கும், நாலு வெயிலில் வெளுத்துப்போகும்.

பின்னல் பற்றி நான் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. 12-ம் நம்பர் மூங்கில் ஊசி எடுங்கள். சைக்கிள் போக்ஸ் கம்பியில் கண்ணி வழுக்கி ஓடும். 56 கண்ணி போட்டு, எல்லா வரியும் நிட் (நேர்ப் பின்னல்) மட்டுமே பின்னினால் எனக்கு எட்டு அங்குல அகலம் வருகிறது. உங்கள் கை இறுக்கம் வேறாக இருக்கும். அதனால் முதலில் 20 கண்ணியில் ஒரு துண்டு பின்னித் துவைத்துக் காயவைத்து அளந்துகொள்ளுங்கள், பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். இழுத்தால் கம்பளி பழையபடி திரும்பும், பருத்தி திரும்பாது. அதனால் ஸ்வெட்டர் விளிம்பு, காலுறை என்று ஆரம்பத்தில் ஆசைப்படாதீர்கள். எட்டு அங்குலச் சதுரத்துக்குச் சுமார் 16 கிராம் நூல் போகும். 50 கிராமில் மூன்று துணி.

மூன்றில் ஒன்றைக் காபி டம்ளர் துடைக்க வைத்திருக்கிறேன். இரண்டாவதை மருமகள் மேஜையில் விரித்து, மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தாள். நுனிகள் ஒட்டின. ஒன்றும் சொல்லாமல் கண்ணாடி துடைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.