டிராஃப்ட் முறையை வீட்டு மேசையில் சோதித்துப் பார்ப்பது எப்படி

என் தம்பி மகன் நியூஜெர்ஸியில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. "பெரியப்பா, ஐரோப்பியக் கால்பந்தில் நான்கைந்து பணக்கார கிளப்புகளே மாறி மாறி ஜெயிக்கின்றன. அமெரிக்காவைப் போல, புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும்." வாயால் சண்டை போட்டு அலுத்துப்போய், போன தீபாவளிக்கு அவன் வந்திருந்தபோது டிராஃப்டை நடத்தியே பார்த்துவிட்டோம். முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். செய்து பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படியொரு வழக்கு ஓடுமானால் எங்கள் முறை உதவும்.

தேவையானவை: நான்கு பேர், ஒரு நோட்டு, சீட்டு எழுதப் பழைய காலண்டர் தாள், ஒரு சொம்பு, வறுத்த வேர்க்கடலை. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

விதியை முதலில் உரக்கப் படித்துவிடுங்கள். போன சீசனில் கடைசியில் வந்த அணி, புதிதாக வரும் ஆட்டக்காரர்களில் ஒருவரை முதலில் எடுக்கும். அடுத்து அதற்கு மேலே இருந்த அணி. இப்படியே சாம்பியன் வரை. அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் பிடித்து ஓடும் வேறு ஆட்டம்) லீக்கான என்எஃப்எல் 1936-இல் இதைத் தொடங்கியது. யோசனை சொன்னவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் பெர்ட் பெல். அவர் அணிதான் அப்போது அடியில் கிடந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அன்று முதலில் தேர்வான ஜே பெர்வாங்கர் என்பவர் கடைசிவரை அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இனி வரிசை. நாங்கள் இங்கிலாந்தின் முதல்நிலை கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கின் 2024-25 பட்டியலை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து எழுதினோம். 12 புள்ளிகளோடு சவுத்தாம்ப்டன், அதற்கு மேல் இப்ஸ்விச், லெஸ்டர். எழுதிய கையோடு மூன்றையும் அடிக்க வேண்டியிருந்தது. மூன்றும் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டன. அமெரிக்காவில் கடைசியில் வந்தவர் அதே லீக்கில் இருப்பார். இங்கே இருக்க மாட்டார். அவர்களுக்குப் பதிலாக மேலே வந்த சண்டர்லேண்ட், பர்ன்லி, லீட்ஸ் மூன்றையும் முதலில் வையுங்கள்.

நான்காவது யார்? 17-ஆம் இடத்தில் முடித்த டாட்டன்ஹாம். அதே மே மாதம் பில்பாவோவில் ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம்நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையை வென்று, முதல்நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் நுழைந்த அதே டாட்டன்ஹாம். அந்த இறுதிப் போட்டியில் தோற்ற மான்செஸ்டர் யுனைடெட் 15-ஆம் இடம், ஆகவே ஆறாவது தேர்வு அவர்களுக்கு. ஏழைகளுக்கு என்று போட்ட முதல் பந்தியில் ஜமீன்தார் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி மகன் வேர்க்கடலைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்தது சீட்டு எழுதுவது. இங்கேதான் நிதானம் வேண்டும். நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: ஆட்டக்காரர் பெயர், வளர்த்தவர். அமெரிக்கக் கூடைப்பந்திலும் அவர்கள் கால்பந்திலும் பையன்களைப் பெரும்பாலும் பள்ளியும் கல்லூரியும் வளர்க்கின்றன. தொழில்முறை அணி அதற்குச் செலவழிப்பதில்லை. ஆகவே டிராஃப்டில் எந்த அணியின் பையிலிருந்தும் எதுவும் போவதில்லை. ஐரோப்பாவில் 18 வயதுப் பையன் யாரை எழுதினாலும் இரண்டாவது பத்தி காலியாக இருக்காது.

சோதிக்க ஸ்பெயினுக்குப் போனோம். முதல் சீட்டு லாமின் யமால். 2025 ஜூலை 13-இல் அவருக்கு 18 ஆனது. ஏழு வயதில் பார்சிலோனாவுக்கு வந்தவர், 15 வயதில் முதல் அணியில் இறங்கினார், 18 முடிவதற்குள் நூறு ஆட்டங்களைத் தாண்டிவிட்டார். எங்கள் விதிப்படி அவர், 24 ஆண்டுக்குப் பிறகு பிளே-ஆஃப் எனும் தகுதிச் சுற்று வழியாக மேலே வந்த ஒவியேதோ அணிக்குப் போக வேண்டும். என் மகள் சிரித்த சிரிப்பில் சீட்டுகள் பறந்தன. அடுத்து அத்லெடிக் பில்பாவோ. பாஸ்க் மண்ணைச் சேர்ந்தவர்களையும் அங்கே பயிற்சி பெற்றவர்களையும் மட்டுமே ஆடவைக்கும் கிளப். அந்த சீசனில் நான்காவது இடம், ஆகவே தேர்வில் 17-ஆவது முறை. அவர்கள் வளர்த்த பையனை அதற்குள் 16 பேர் பார்த்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். மாலை நேரத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். முட்டையும் வாழைப்பழமும் என் சம்பளத்தில்தான். 15 வயதில் ஒரு பையனை ஒரு அணி கூட்டிப்போனது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் வேண்டாம், அந்த இரண்டாவது பத்தியில் பெயர் இருந்தால் போதும். ஃபிஃபா விதியில் அந்தப் பத்திக்கு மதிப்பு உண்டு: விலை கொடுத்து நாடு விட்டு நாடு வாங்கப்படும் ஆட்டக்காரரின் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். டிராஃப்டில் விலையே கிடையாது. இல்லாத விலையில் 5 சதவீதம் எவ்வளவு?

"வளர்த்த கிளப்புக்கே முன்னுரிமை கொடுத்துவிடலாமே" என்றான் தம்பி மகன். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. வேறு அணி கேட்டால், வளர்த்த அணி ஈடு கொடுத்துத் தன் பையனைத் தக்கவைக்கலாம். சரி என்று அதையும் போட்டுப் பார்த்தோம். பணக்கார கிளப்புகளின் அகாடமிகள், அதாவது சிறுவர் பயிற்சிப் பள்ளிகள், வளர்த்தவர்களின் சீட்டுகள் எல்லாம் வந்த வீட்டுக்கே திரும்பிப் போயின. பிறகு எதற்கு இந்தச் சடங்கு?

அடுத்து, நால்வரில் ஒருவரைக் கிளப் பக்கமிருந்து எழுப்பி ஆட்டக்காரராக உட்கார வையுங்கள். பலர் இதை மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் மகள் உட்கார்ந்தாள். பெயர் வாசித்ததும், "நான் அந்த ஊருக்குப் போக மாட்டேன்" என்றாள். அமெரிக்காவில் டிராஃப்ட் நிற்பதற்குக் காரணம் ஆட்டக்காரர் சங்கமே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதுதான். அங்கேயும் பெண்கள் கால்பந்து லீக்கில் 2024-இல் சங்கம் பேசி டிராஃப்டையே எடுத்துவிட்டது. தம்பி மகனுக்கு இது தெரியாது! ஐரோப்பாவிலோ 1995-இல் போஸ்மன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவரைத் தடுக்க முடியாது, அவரும் தொழிலாளிதான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்து மட்டும் டிராஃப்ட் வைத்தாலும் பயனில்லை. அந்நாட்டு ஆட்டக்காரர்களான ஜேடன் சாஞ்சோவும் ஜூட் பெல்லிங்காமும் 17 வயதில் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கிளப்புக்கு விமானம் ஏறியவர்கள்.

கடைசி ஆட்ட நாள் சோதனையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 14-ஆம் இடத்தில், இறங்கும் பயம் இல்லாத அணியின் பயிற்சியாளர் நீங்கள். ஜெயிப்பதா, தோற்று முன்வரிசைத் தேர்வு வாங்குவதா? ரகசியமாக எழுதிச் சொம்பில் போடுங்கள். எங்களில் மூன்று பேர் 'தோற்போம்' என்று எழுதியிருந்தோம். முதல் தேர்வுக்குக் குலுக்கல் வைத்தால் தீருமா என்றால், அமெரிக்கக் கூடைப்பந்தில் வைத்திருக்கிறார்கள். 2025-இல் கடைசி மூன்று அணிகளுக்கு ஆளுக்கு 14 சதவீத வாய்ப்பு இருந்தது. 1.8 சதவீதம் மட்டுமே வைத்திருந்த டல்லாஸ் அணி முதல் தேர்வைத் தட்டிச் சென்றது.

இத்தோடு எழுந்துவிடாதீர்கள். நாங்களும் எழத்தான் பார்த்தோம், மகள்தான் நிறுத்தினாள். அகாடமிகள் வேண்டாம் என்று அனுப்பிய பையன்களை மட்டும் சீட்டில் எழுதச் சொன்னாள். ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் 16 வயதில் கழித்துவிட்ட ஜேமி வார்டி, செல்சி அனுப்பிவிட்ட டெக்லன் ரைஸ், 13 வயதில் ஆர்சனல் அனுப்பி 2025-இல் அதே ஆர்சனல் பெரும் விலை கொடுத்துத் திரும்ப வாங்கிய எபெரெச்சி எஸே. இவர்களுக்கு எதிரே 'வளர்த்தவர்' பத்தியில் இருப்பவரே உரிமையை விட்டுவிட்டார். கீழே உள்ள கிளப் முதலில் எடுக்கட்டும், பையனுக்குப் பிடிக்காவிட்டால் மறுக்கட்டும். மேசை முதல் முறையாகச் சண்டை இல்லாமல் ஓடியது.

"இது டிராஃப்டே இல்லை, பெரியப்பா. மீட்புப் பணி" என்றான். இருக்கட்டுமே. வார்டி அரைத்தொழில் கிளப்புகளில் ஆடித் திரிந்த வருடங்கள் மிச்சமாகியிருக்கும்.

இந்தச் சுற்றுக்கு வயது வரம்பை முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அவசரத்தில் 16 என்று எழுதிவிட்டோம். அனுப்பியபோது ரைஸுக்கு 14, எஸேவுக்கு 13. அந்த இரண்டு சீட்டும் இன்னும் சொம்புக்கு வெளியேதான் கிடக்கின்றன.