ஊரடங்குக்குப் பிறகு முதல் முடிவெட்டு: மலையில் இருப்பவர்களுக்கு

(இது 2020 ஜூனில் எழுதியது. இதில் வருகிற கட்டுப்பாடுகளும் உத்தரவுகளும் அந்தக் கொரோனாச் சமயத்துக்கானவை.)

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குக் கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு போட்டபோது என் தலையில் ஏற்கெனவே ஒரு மாத முடி. மே 24 முதல் சலூன் திறக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது (கிராமப்புறத்தில் 19-ம் தேதியே திறந்துவிட்டார்கள்) அது காதை மூடி, காலருக்குள் இறங்கியிருந்தது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆனால் பிடரியிலும் காதோரத்திலும் கூடுகிற அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரே ஆளை மாற்றிவிடுகிறது. போன வாரம் குன்னூரில் எனக்கு வெட்டியாச்சு, அப்பாவுக்கும் வெட்டியாச்சு. இனிமேல் போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் கீழே கோயம்புத்தூரில் இருப்பவர்கள் சொல்கிற யோசனையில் பாதி நம்ம குளிருக்குச் சரிப்படாது.

போன் பண்ணி நேரம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பாதி நாற்காலிதான் போடுகிறார்கள், காத்திருப்பவர்களை உள்ளே உட்கார வைப்பதில்லை, ஜூன் மாதச் சாரலில் வாசலில் அரை மணி நேரம் நின்றால் சளி பிடிக்கும், அப்புறம் இந்தச் சமயத்தில் ஒரு தும்மலுக்கே பக்கத்தில் நிற்பவர் பயந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை எப்போதும்போல லீவு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வார நாளில் காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போவது நல்லது. ஆதார் கார்டை மறக்க வேண்டாம், பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி அரசு உத்தரவு. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டை பிடிக்காதீர்கள், நாளைக்கு அங்கே வந்து போன யாருக்காவது தொற்று வந்தால் நமக்குத் தகவல் வருவது அந்த நோட்டிலிருந்துதான்.

உடுப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துத்தான் வெட்டுகிறார்கள், அப்படித்தான் வெட்டவும் வேண்டும், காற்று ஓடினால்தான் பாதுகாப்பு. ஆனால் திறந்த கதவு வழியாக மஞ்சு, அதாவது பனிமூட்டம், நேராக உள்ளே வரும். குளிருது என்று ஸ்வெட்டரோடு உட்கார்ந்தால் வெட்டிய முடி கம்பளிக்குள் ஏறிக்கொள்ளும், இரண்டு தடவை துவைத்தாலும் போகாது, கழுத்து அரித்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு பனியன், மேலே காலர் இல்லாத பழைய பருத்திச் சட்டை, இது போதும். ஸ்வெட்டரையும் குல்லாவையும் ஒரு துணிப்பையில் கட்டித் தனியாக வைத்திருந்து, வெட்டி முடித்துக் கழுத்தைத் துடைத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். தலையிலிருந்து மாட்டுகிற ஸ்வெட்டர் வேண்டாம், முன்னால் ஜிப் வைத்தது எடுத்துப் போங்கள். குல்லா கட்டாயம். இத்தனை முடி ஒரேயடியாகப் போனதும் காதுக்குப் பின்னால் காற்று அடிப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

மேலே போர்த்த நம் வீட்டுத் துணியையே கொண்டுபோவது மேல். சில கடைகளில் ஒருமுறை போட்டுத் தூக்கியெறிகிற பிளாஸ்டிக் விரிப்பு வைத்திருக்கிறார்கள், நம்ம மாவட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது, அதோடு அது கழுத்தில் ஒட்டாமல் முடியை உள்ளே விட்டுவிடும். நான் பழைய வேட்டி ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் கொண்டுபோனேன். கடைக்காரர் துண்டைக் கழுத்தைச் சுற்றி இறுக்கி, அதன் மேல் வேட்டியைப் போர்த்தினார். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே உதறி, இரண்டையும் நேராக வெந்நீரில் போட்டாச்சு.

அன்றைக்குக் காலையிலேயே தலைக்கு ஊற்றி, நன்றாகக் காயவைத்துவிட்டுப் போங்கள், எண்ணெய் வைக்க வேண்டாம். இந்த ஈரப்பதத்தில் நீண்ட முடி காய ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈர முடி இழுத்துத் தொங்கும், காய்ந்ததும் மேலே ஏறும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இது இன்னும் அதிகம். ஈரத்தில் சரியாக இருக்கிறதே என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் நெற்றிக்கு மேல் ஒன்றுமே இருக்காது.

மாஸ்க் இரண்டு வேண்டும். காதில் மாட்டுகிற கயிறு கத்திரிக்கோலுக்கு இடைஞ்சல். காதோரம் வரும்போது அந்தப் பக்கக் கயிற்றைக் கழற்றி, மாஸ்க்கைக் கையால் மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால் அவர் சுற்றிவர வெட்டிவிடுவார், அப்புறம் அடுத்த பக்கம். முடிந்ததும் அந்த மாஸ்க் முழுக்கப் பொடி முடி, அதனால்தான் இன்னொன்று. ஷேவிங்கை இந்தத் தடவை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள், மாஸ்க்கை இறக்காமல் ஷேவிங் கிடையாது.

இனி வெட்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லாதீர்கள். மூன்று மாதம் தாறுமாறாக வளர்ந்த முடிக்கு முதல் தடவை வடிவம் கொடுத்தால் போதும். "பழைய மாதிரி வெட்டுங்க" என்று சொன்னால் பழைய மாதிரி எது என்று அவருக்கும் நினைவிருக்காது, மார்ச்சுக்கு முந்தைய போட்டோ ஒன்றைப் போனில் காட்டுங்கள். மெஷின் என்றால் நம்பரைச் சொல்லுங்கள்: நம்பர் 1 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 4 என்றால் 12, 13. நம்பர் 4-ல் ஆரம்பித்து, போதாவிட்டால் கீழே இறங்கலாம்.

வீட்டில் யாராவது வெட்டிப் பார்த்திருந்தால் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். எனக்கு ஏப்ரலில் தம்பி வெட்டிவிட்டதில் பின்னந்தலையில், சுழிக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்குப் பள்ளம். கடைக்கார அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குச் சமமா வெட்டினா மொட்டைதான். சுத்தியும் கொஞ்சம் விட்டு மறைச்சுடறேன், அடுத்த தடவை சரியாயிடும்" என்றார். அப்படியே ஆனது, இப்போது தெரியவே இல்லை. பள்ளத்தின் மட்டத்துக்கு மொத்தத் தலையையும் இறக்காமல், சுற்றியுள்ள முடியைச் சரிவாக விடச் சொல்லிக் கேளுங்கள்.

அவர் ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் பொறுமையாக இருங்கள். கத்திரிக்கோலையும் சீப்பையும் ஸ்பிரிட்டில் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெறுங்காற்றில் நாலு தடவை வெட்டிப் பார்த்தார். இரண்டு மாதம் பெட்டிக்குள் கிடந்த கத்திரிக்கோல் அது. அந்தச் சத்தம் சீராக வந்த பிறகுதான் என் தலையில் கை வைத்தார். பிடரிக்குப் போடுகிற பிளேடு புதிதா என்று கேட்பதில் தப்பே இல்லை, உறையை நம் முன்னால் பிரிப்பார்கள். அங்கே கத்தி பட்ட இடத்தில் உடனே நீலகிரித் தைலம் தேய்க்காதீர்கள், நெருப்பாக எரியும். படிகாரம் போதும்.

பணத்தில் பேரம் வேண்டாம். இரண்டு மாதம் ஒரு ரூபாய் வருமானம் இல்லாமல் வாடகை மட்டும் ஏறியிருக்கிறது, அரசு நிவாரணமாக அறிவித்த 2,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? முடிந்தவர்கள் மூன்று மாத வெட்டுக்கான காசையும் சேர்த்துக் கொடுங்கள். நான் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். அடுத்த இரண்டு வெட்டுக்கு முன்பணம் என்று சொன்னதும் வாங்கிக்கொண்டார், அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

அறுபத்தைந்து தாண்டியவர்களைக் கடைக்கு அழைத்துப்போக வேண்டாம். அப்பாவுக்கு அண்ணனை வீட்டுக்கே வரச் சொன்னோம். பதினொரு மணிக்கு வெயில் வந்த நேரம் பார்த்து வாசலில் நாற்காலி போட்டு, வெட்ட ஆரம்பிக்கும் முன்பே தண்ணீரைக் காய வைத்து, வெட்டி முடித்த கையோடு குளிக்க அனுப்பினோம். காது மெஷினை முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், பொடி முடி உள்ளே போனால் கெட்டுவிடும். கழற்றிய பிறகு அவருக்குக் காது கேட்காது என்பதால் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அதற்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன் அடுத்த வெட்டுக்கு நாள் வாங்கிவிடுங்கள். ஏறக்குறைய நாலு வாரம் சரியாக இருக்கும், செவ்வாய் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.