நீர்முள்ளியை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஏரியோரங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் தானாக முளைத்து, மழைக்காலம் முடிந்து நீர் உள்வாங்கும் நாட்களில் நீலம் கலந்த ஊதாநிறத்தில் பூக்கும் நீர்முள்ளியைத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர், அதனை அல்லியைப் போல எப்போதும் நீருக்குள் வைத்திருக்கக் கூடாது. இது கரையோரச் செடி. இளமையில் சேறும், பூக்கும் பருவத்தில் மெல்லக் காயும் மண்ணும் அதற்குத் தேவை.

நம் பகுதியின் செம்மண் நீரை விரைவில் வடியவிட்டுவிடும் என்பதால், நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் ஓரடி ஆழமுள்ள அகன்ற குழி வெட்டி, சில்பாலின் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் ஏரி வண்டலையும் தோட்டத்து மண்ணையும் சமமாகக் கலந்து நிரப்ப வேண்டும். குழி வெட்ட இடமில்லாதவர்களுக்கு அடியில் துளையில்லாத சிமெண்ட் தொட்டி போதும். உரம் எதுவும் தேவையில்லை. வண்டலில் இருக்கும் சத்தே மிகுதி.

விதை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஆனால் அது மருந்துக்கென்று விற்கப்படுவது, எத்தனை காலம் கடையில் கிடந்ததென்று சொல்ல முடியாது. எனவே மாசி, பங்குனியில் ஏரிக்கரையில் காய்ந்து நிற்கும் செடியிலிருந்து ஒரு கைப்பிடி நெற்றுகளைச் சேகரித்து வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கணுவிலும் நீண்ட, கூரிய முட்கள் சூழ்ந்திருப்பதால் கையுறை அவசியம்.

விதைக்கும்போது பலரும் வழக்கம்போல விதையை ஊறவைக்கிறார்கள். நீர்முள்ளி விதை நீர் பட்டதும் வழுவழுப்பான பசையால் மூடப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிறகு அதனைப் பரவலாகத் தூவ இயலாது. ஆகவே ஆவணி இறுதியிலோ புரட்டாசியிலோ, ஈரச் சேற்றின் மேல் உலர்ந்த விதையையே தூவி, மண்ணால் மூடாமல் உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட வேண்டும். அந்தப் பசையே விதையைச் சேற்றோடு பிணைத்துக்கொள்ளும். ஓசூர்ப் பக்கம் உள்ளவர்கள், குளிர் வருவதற்குள் நாற்று வேரூன்ற வேண்டும் என்பதால், தாமதிக்காமல் விதைப்பது நல்லது.

நாற்றுகள் ஒரு சாண் உயரம் வளர்ந்ததும் ஒன்றரை அடி இடைவெளி இருக்கும்படி மற்றவற்றைக் களைந்துவிடலாம். மண் சேறாகவே இருக்கட்டும். மேலே நீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை, கொசுவுக்கும் இடம் கொடுக்காமல் இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்த வீடுகளில், கிடைக்கும் காலம் வரை மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தலாம். கார்த்திகைக்குப் பின் நீர் விடுவதைப் படிப்படியாகக் குறைத்தால் கணுக்களைச் சுற்றிப் பூக்கள் கொத்தாக மலரும். இலைகளைப் புழுக்கள் தின்னத் தொடங்கினால் மருந்து தெளிக்க வேண்டாம். வசீகரன் வகை வண்ணத்துப்பூச்சிகள் இச்செடியில் முட்டையிடுவது உண்டு.

இடுப்பளவு உயரும் முட்செடி என்பதால் நடைபாதையிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி வைப்பது முறை. அருகில் நெல்வயல் இருப்பின், அங்கே இது களையாகப் பெருகும் என்பதால், அடுத்த ஆண்டுக்கு வேண்டிய நெற்றுகளை மட்டும் முற்றவிட்டு, ஏனைய பூங்கொத்துகளை வாடிய உடனே வெட்டிவிட வேண்டும்.