பழைய குட்டி விமானம் விற்பனைக்கு: ஆன்லைன் ஏலத்தில் ஏற்றும் முன் செய்யக் கூடாதவை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவரிடம் ஒரு தேக்குத் தூணை விற்கக் கொண்டுபோங்கள். விலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். தூணைப் படுக்கப்போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், சில பேர் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். கரையான் தொட்டிருந்தால் அங்கேதான் தெரியும். ஆன்லைன் ஏலத்தில் வாங்குகிறவருக்கு இந்த வசதி கிடையாது. சுரண்டிப் பார்க்க முடியாதவர், தன் சந்தேகத்தையெல்லாம் விலையில் கழித்துக்கொள்வார்.

பழைய வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்து, விவரம் எழுதி, ஏலத் தளங்களில் ஏற்றிக்கொடுப்பது என் பிழைப்பு. எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஊஞ்சல் சங்கிலி என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் தேவகோட்டையிலிருந்து ஓர் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, ஒரு சாமான் இருக்கு. கொஞ்சம் பெருசு. ரெக்கை இருக்கும்."

செஸ்னா 152. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம், 1977 முதல் 1985 வரை தயாரானது. அண்ணனும் பங்காளிகள் இரண்டு பேரும் சேர்ந்து ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார்கள். நின்றது வேறு ஊரில், ஒரு பறக்கும் கழகத்தின் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில். நம் செட்டிநாட்டிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. ஆனால் அங்கே விமானம் வந்துபோவது நின்று எத்தனையோ காலமாகிறது.

அந்த ஒன்றை விற்று முடிப்பதற்குள் நாங்கள் செய்த தவறுகளும், அதே சமயத்தில் மற்றவர்கள் ஏற்றியிருந்த விளம்பரங்களில் பார்த்த தவறுகளும் கீழே இருக்கின்றன. விமானம் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம்மவர்களில் வார இறுதியில் விமானம் ஓட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மூன்றாவது கையெழுத்து

செட்டிநாட்டில் பெரிய வீடு ஒன்று பூட்டிக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இருபது பங்காளிகளில் பத்தொன்பது பேர் சரி என்றிருப்பார்கள், ஒருவர் எங்கேயோ இருப்பார். விமானத்துக்கும் இதே கதை. பதிவுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் விஷயத்தில் மூன்றாவது பங்காளி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி, எங்கள் ஆச்சி, பெயருக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்காமலேயே நான் ஏலத்தை ஏற்றிவிட்டேன். முதல் நாளே நல்ல கேட்பு வந்தது. மூன்றாம் நாள் ஒருவர் "பதிவுச் சான்றிதழ் நகல் அனுப்புங்கள்" என்று கேட்டார். அனுப்பினோம். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஏலத்தை நாங்களே இறக்க வேண்டியதாயிற்று. ஒரு தடவை இறக்கிய பொருளை மறுபடி ஏற்றினால், "ஏன் இறக்கினீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

கடன் வாங்கி வாங்கியிருந்தால் இன்னொரு சிக்கல். வங்கியின் உரிமை பதிவிலேயே குறிக்கப்பட்டிருக்கும். கடனை அடைத்தது வேறு, அந்தக் குறிப்பை நீக்கியது வேறு. வங்கியின் தடையில்லாச் சான்றிதழைக் கையில் வாங்கி, டிஜிசிஏ என்னும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகப் பதிவில் குறிப்பு நீங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் ஏலப் பக்கத்தையே திறக்க வேண்டும். அமெரிக்கப் பதிவு விமானம் என்றால், வாங்குகிறவர் ஓக்லஹோமா நகரில் உள்ள பதிவகத்தில் பழைய கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று தேடச் சொல்வார். அது அங்கே சாதாரண நடைமுறை. அவர் நம்மை நம்பவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் இந்தியப் பதிவை ரத்து செய்வது, ஏற்றுமதிக்கான சான்றிதழ் என்று வேலை நீளும். அந்த வேலை யாருடையது என்பதை ஏல விவரத்திலேயே எழுதிவிடுங்கள்.

பேரேடு இல்லாத இன்ஜின்

வட்டிக்கடை வைத்த பரம்பரைக்குக் கணக்கின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தொகை சரியாக இல்லாத கடையை யாரும் வாங்க மாட்டார்கள். விமானத்தில் அந்த இடம் லாக் புத்தகங்களுக்கு. உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது என்ன மாற்றினார்கள், எங்கே இடித்தது, யார் கையெழுத்திட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இதில் ஒரு புத்தகம் காணாமல் போனால், விலையில் விழும் அடி சின்னதாக இருக்காது.

"குறைந்த மணி நேரம் ஓடிய இன்ஜின்" என்று கொட்டை எழுத்தில் போடுவது எல்லாரும் செய்யும் தவறு. நானும் போட்டேன். செஸ்னா 152-ல் இருக்கும் லைகாமிங் ஓ-235 இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது) இடைவெளி 2,400 மணி நேரம். எங்களுடையது அதில் பாதிகூட ஓடவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதே தயாரிப்பாளர் இன்னொன்றும் சொல்கிறார்: மணிக்கணக்கு எதுவானாலும் 12 வருடத்துக்கு ஒரு முறை ஓவர்ஹால் செய்ய வேண்டும். எங்கள் இன்ஜின் அந்த வருடக் கணக்கைத் தாண்டிவிட்டது. விவரம் தெரிந்தவர் பார்த்த உடனே சிரித்திருப்பார்.

சும்மா நிற்கும் இன்ஜின் நன்றாக இருக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. பூட்டிய வீடு என்ன ஆகிறது என்று பார்த்தவர்களே இதைச் சொல்வதுதான் வேடிக்கை. லைகாமிங்கில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. ஓடாமல் விட்டால் அதிலிருக்கும் எண்ணெய் மெல்ல வழிந்து கீழே இறங்கிவிடும். ஈரக் காற்று பட்டால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். அப்புறம் ஒரு நாள் ஓடவிட்டால் துரு பிடித்த இடம் உராய்ந்து இரும்புத்தூள் எண்ணெயில் கலக்கும்.

அந்த ஹேங்கரில் ஒரு காவலாளி ஐயா இருந்தார். நல்ல மனிதர். ஆயுத பூஜைக்குப் புரொப்பெல்லருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். வாராவாரம் வெள்ளிக்கிழமை அதைக் கையால் பிடித்து நாலு சுற்று சுற்றிவிடுவார், "இறுகிடக் கூடாதுல்ல". எங்களுக்கு அது பெரிய சேவையாகத் தெரிந்தது. பிறகு வந்த இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். கையால் சுற்றினால் புது எண்ணெய் மேலே ஏறுவதில்லை. ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சப் படலமும் துடைக்கப்படுகிறது. நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதும் உதவாது. எண்ணெய் நன்றாகச் சூடாகி உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிற அளவுக்குப் பறக்க வேண்டும். பறக்க வழியில்லை என்றால் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக் இருக்கும் இடத்தில் சிலிக்கா ஜெல் அடைத்த பிளக்குகளைப் போட்டு மூடிவைக்க வேண்டும். எப்படி வைத்திருந்தீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள்.

அதோடு, ஏலத்துக்கு முன்பே ஓர் இன்ஜினியரை வைத்து சிலிண்டர் கம்ப்ரஷன் எடுத்து, எண்களை அப்படியே போடுங்கள். உள்ளே செலுத்தும் காற்றழுத்தத்தில் எவ்வளவு தங்குகிறது என்ற கணக்கு அது; 80-க்கு 74, 80-க்கு 71 என்று சிலிண்டர்வாரியாக வரும். உள்ளே கேமரா விட்டு எடுத்த படமும் இருந்தால் நல்லது. இந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது பெரிய தவறு. நான் முதல் ஏற்றத்தில் மிச்சம் பிடித்தேன்.

அழகான படங்கள்

தூணுக்குப் படம் எடுத்த கை என்பதால் சாயங்கால வெயிலில், சாய்ந்த கோணத்தில், பின்னால் மேகம் வர எடுத்துத் தள்ளினேன். பார்த்தவர்கள் இதயக் குறி போட்டார்கள். கேட்பு வரவில்லை. விமானம் வாங்குகிறவருக்கு வேண்டிய படங்கள் வேறு: இறக்கையின் அடிப்பக்கம், பெயிண்ட் கொப்பளித்திருக்கும் இடங்கள், எண்ணெய் கசிந்த தடம், டயர், ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர், தயாரிப்பு எண் அடித்த தகடு, லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள். செஸ்னா என்றால் சீட் நகரும் தண்டவாளத்தைக் கட்டாயம் அருகில் எடுங்கள். அதில் தேய்மானமும் விரிசலும் வந்து, மேலே ஏறும்போது சீட் பின்னுக்கு வழுக்கிய விபத்துகள் உண்டு. அமெரிக்க விமானத் துறை அதைத் திரும்பத் திரும்பச் சோதிக்க உத்தரவே போட்டிருக்கிறது. அனுபவமுள்ளவர் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.

காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாயில் குளவி கூடு கட்டியிருந்ததை நான் படத்தில் தவிர்த்தேன். இரண்டாவது ஏற்றத்தில் அதையும் போட்டு, சுத்தம் செய்த படத்தையும் பக்கத்தில் போட்டேன். அதைப் பார்த்துத்தான் மூன்று பேர் நேரில் வந்தார்கள். குறையை நாமே காட்டினால் மிச்சத்தை நம்புகிறார்கள்.

"பறக்கும் நிலையில்" என்ற சொல்லை யோசித்துப் பயன்படுத்துங்கள். ஓட்டிப் பார்த்தால் ஓடுகிறது என்பது அதற்குப் பொருள் இல்லை. பறக்கும் தகுதிச் சான்றிதழும், அந்தத் தகுதியை மறுபரிசீலித்து வருடாவருடம் புதுப்பிக்கும் ஏஆர்சி என்ற சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் "இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்" என்று எழுதுவதே யோக்கியம். யாருக்கு இது உதவும் என்றும் சொல்லலாம். மறுபடி பறக்கவிட நினைப்பவர், உதிரிபாகத்துக்கு வாங்குபவர், மாணவர்களுக்குக் காட்டித் தர ஒரு நிஜ விமானம் தேடும் விமானப் பொறியியல் கல்லூரி என மூன்று சந்தைகள் உண்டு. மூன்றுக்கும் விலை வேறு.

ஆசை விலை

நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு ஏலத்தில் ஒரு பிடி உப்பு என்ன விலைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். அங்கே கேட்பவர்கள் மனம் நிறைய ஏற்றுகிறார்கள். அந்தப் பழக்கத்தில், எந்த ஏலம் என்றாலும் விலை ஏறத்தான் செய்யும் என்று ஓர் எண்ணம் நமக்குள் இருக்கிறது. 2001-ல் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 2 ஜெட் விமானம் ஈபேயில் 49 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் கதையை அண்ணன் எங்கிருந்தோ கேட்டுவைத்திருந்தார். நான் அவருக்கு வேறு கதை சொன்னேன்.

விஜய் மல்லையாவின் ஏர்பஸ் ஏ319 விமானத்தை வரிப் பாக்கிக்காகச் சேவை வரித் துறை 2016-ல் ஏலத்துக்கு விட்டது. குறைந்தபட்ச விலை 152 கோடி ரூபாய். வந்தது ஒரே கேட்பு, 1.09 கோடி! மறுபடி மறுபடி ஏலம் விட்டு, 2018-ல் சுமார் 35 கோடிக்கு முடிந்தது. அதுவரை அது மும்பை விமான நிலையத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. குறைந்தபட்ச விலையை மிக உயரத்தில் வைத்தால் வருகிற இரண்டு பேரும் வராமல் போவார்கள். வைக்காமலே விட்டால் "மூணு தரம்" ஆகும்போது அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாக வேண்டும். அதே ரகத்தில் வேறு விமானங்கள் உண்மையில் என்ன விலைக்கு முடிந்தன என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கிற விலையைப் பார்த்து ஒன்றும் ஆகாது. எங்களுடைய அடிமட்ட விலையை அண்ணன் மனது வைத்துக் குறைக்க ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்துக்கும் ஹேங்கர் வாடகை ஓடியது.

பணத்தில் ஏமாறும் விதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலையைவிட அதிகத் தொகைக்குச் செக் அனுப்பி "மீதியை என் டிரான்ஸ்போர்ட்காரருக்கு அனுப்புங்கள்" என்றால் ஓடிவிடுங்கள். விற்பனை முடியும்வரை பணத்தை ஒரு மூன்றாவது நிறுவனம் பிடித்துவைக்கும் நடுநிலைக் கணக்கில் பணம் போடலாம், ஆனால் அந்த நிறுவனத்தை நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வாங்குகிறவர் அனுப்பும் இணைப்பைத் தொடவே வேண்டாம். ஓட்டிப் பார்க்கக் கேட்டால், உரிமமும் காப்பீடும் பார்த்து, உங்கள் தரப்பு விமானி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் விட வேண்டும். முன்வைப்புத்தொகை வாங்காமல் ஏலத்தில் சேர்த்தால் விளையாட்டுக்குக் கேட்பவர்கள் வருவார்கள்.

ஏலம் முடிந்த மறுநாள்

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஏலம் முடிந்த நாளிலிருந்து வாடகை யார் தலையில்? எத்தனை நாளில் எடுத்துப்போக வேண்டும்? ஏஆர்சி காலாவதியான விமானத்தைப் பறந்து கொண்டுபோக டிஜிசிஏவிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் லாரிதான். செஸ்னா 152-ன் இறக்கை முனைக்கு முனை சுமார் 10 மீட்டர். கழற்றாமல் எந்த லாரியிலும் ஏறாது. கழற்ற விவரமான ஆள் வேண்டும், எடை தாங்கும் தாங்கிகள் வேண்டும், அதற்கும் காசு வேண்டும்.

எங்களுடையதை ஒரு பொறியியல் கல்லூரி எடுத்தது. அண்ணன் நினைத்ததில் பாதி விலை. இறக்கைகளைப் பழைய மெத்தையில் சுற்றி, உடலைக் கயிறு போட்டுக் கட்டி, விடியற்காலையில் லாரி கிளம்பியது. இறக்கை போல்ட்டுகளைத் தனியாகத் துணியில் முடிந்து, வலது, இடது என்று சீட்டு எழுதிக் காவலாளி ஐயாவிடம் கொடுத்துவைத்திருந்தோம். லாரி போய் இரண்டு மணி நேரம் கழித்து அவர் கூப்பிட்டார். "தம்பி, முடிச்சு என் மேசை மேலயே இருக்குப்பா." மறுநாள் கூரியரில் போட்டேன். கூரியர் செலவு என் கணக்கில்.