ஊரிலிருந்து சொந்தங்களை டர்பனுக்கு அழைக்க: விசிட்டர் விசா எடுப்பது எப்படி?

காவடி பார்க்க, கல்யாணத்துக்கு, பேரக்குழந்தையைக் கொஞ்ச என்று தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்களை முதல் தடவையாக டர்பனுக்கு அழைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர்கள் கிளம்பும் முன்பே தென்னாப்பிரிக்க விசிட்டர் விசா எடுத்தாக வேண்டும். அதிகபட்சம் 90 நாள் கிடைக்கும்.

முதலில் பாஸ்போர்ட். ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 30 நாள் செல்லுபடியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் வேலை, அழைப்புக் கடிதம். இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். வருபவர் உங்களுக்கு என்ன உறவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த முகவரியில் தங்குவார், செலவு யார் பொறுப்பு, எல்லாம் அதில் வர வேண்டும். உங்கள் ஐ.டி. நகலை, இங்கே தங்கும் பெர்மிட்டில் இருப்பவரானால் பாஸ்போர்ட், பெர்மிட் நகல்களை, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் உண்மை நகல் என்று சர்டிஃபை செய்து சேருங்கள். அதற்குக் காசு கிடையாது. கடிதம், படிவம், டிக்கெட் மூன்றிலும் தேதி ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா ஒரு மாதத்தில் திரும்புகிறார், அம்மா மூன்று மாதம் இருக்கிறார் என்றால் தனித்தனிக் கடிதம் கொடுங்கள்.

அப்புறம் அவர்கள் படிவம், போட்டோ, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், போக வர டிக்கெட் விவரம் எல்லாவற்றையும் சென்னையில் விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் கொடுக்க வேண்டும்.

டிக்கெட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வருபவர்கள் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசியை 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். வயதானவர்களுக்கு ஏன் அந்த அலைச்சல்? காத்திருப்பு குறைவான விமானமாகப் பாருங்கள்.

இனி, பலரும் குழம்பும் இடம். விசாவில் எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும் என்பது ஒன்று, எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. நுழைய வேண்டிய தேதியைப் பார்த்து 'இன்னும் நாள் இருக்கு' என்று இருந்துவிடக் கூடாது. விமான நிலையத்தில் முத்திரை குத்தியதும், கவுண்டரை விட்டு நகரும் முன்பே தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே கேட்பதுதான் சுலபம்.

நீட்டிக்க வேண்டுமா? விசா முடிவதற்கு 60 நாள் முன்பே இங்குள்ள வி.எஃப்.எஸ். மையம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது 90 நாள் விசாவில் வந்தவர் முதல் மாதத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். பக்கத்து நாடான லெசோத்தோ போய்த் திரும்பினால் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விசா முடிந்தும் தங்கினால் அபராதம் கட்டித் தப்பிக்கும் வழி 2014-லேயே போய்விட்டது. முதல் தடவை 30 நாளுக்குள் தாண்டினால் 12 மாதம், அதற்கு மேல் போனால் 5 ஆண்டு, நாட்டுக்குள் வர முடியாது. உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்ததால் தாமதமானது என்றால் டாக்டர் கடிதம், அட்மிஷன் காகிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தடை விதித்த 10 வேலை நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸுக்கு (உள்துறைக்கு) அவற்றை வைத்து மேல்முறையீடு செய்யலாம்.