மான் ஆடு இல்லை: கூண்டு விலங்குகளின் நோயறியும் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலை அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவிலிருந்து ஒரு மாதிரி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தலைவாசல் கல்லூரிக்கோ போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சித்திரை வெயிலில், பைக் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனால், அதற்குள் ரத்தம் சிதைந்துவிடும். புழு முட்டை பொரிக்கத் தயாராகிவிடும். முடிவு தப்பாக வந்தால் ஆய்வகத்தைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். ஆனால் ஆய்வகம் தன்னிடம் வந்ததைத்தான் பார்த்துச் சொல்லும். கூண்டு விலங்குகளைப் பொறுத்தவரை பெரும்பாலான பிழைகள் பட்டிக்குள், முதல் அரை மணி நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. அங்கே என்னென்ன தப்புகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

புழுக்கையில் தொடங்கும் பிழை

விலங்கைத் தொடாமலேயே கிடைக்கும் மாதிரி சாணமும் புழுக்கையும்தான். எளிதாகக் கிடைப்பதாலோ என்னவோ, அதிகம் கெடுவதும் அதுதான். காலையில் பட்டியைக் கூட்டும்போது காய்ந்து கிடப்பதை ஒரு கவரில் அள்ளிப் போட்டு அனுப்புவது பரவலான பழக்கம். இதில் இரண்டு சிக்கல்கள். மண்ணில் இயல்பாக வாழும் உருளைப்புழுக்கள் புழுக்கைக்குள் ஏறிவிடும். நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்துவிட்டு 'நுரையீரல் புழு' என்று எழுதியவர்கள் உண்டு. இரண்டாவது, நம் ஊர் வெக்கையில் குடற்புழு முட்டை ஒரே நாளில் பொரித்துவிடும். பொரித்துவிட்டால் எண்ணுவதற்கு முட்டை இருக்காது. புழு நிறைந்த மானுக்கு 'புழு இல்லை' என்று சான்றிதழ் வந்துவிடும்.

விடியற்காலையில், மான் போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, குவியலின் மேல்பகுதியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். ஒரு குவியலுக்கு 5 கிராம் போதும். ஜிப் கவரில் போட்டுக் காற்றை நன்றாக அமுக்கி வெளியேற்ற வேண்டும். காற்று குறைந்தால் முட்டை பொரிப்பது தாமதமாகும். ஐஸ் பெட்டியில் வைக்கலாம், ஆனால் ஐஸ் கட்டியின் மேலேயே வைக்கக் கூடாது, உறையவும் விடக் கூடாது. 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது. லார்வா (புழுக்குஞ்சு) வளர்த்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால், பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் சேர்க்கவே கூடாது, அது எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

நாற்பது மான் உள்ள மந்தையிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்புவதும் தவறு. மந்தையில் சில மான்களிடம்தான் புழுக்கள் குவிந்திருக்கும்; மற்றவை ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். கலந்துவிட்டால் எல்லாம் சராசரியில் மறைந்துபோகும். குறைந்தது பத்துப் பதினைந்து குவியல்களிலிருந்து தனித்தனியாக எடுங்கள். கவரில் தேதி, நேரம், அடைப்பின் எண், முடிந்தால் மானின் அடையாளம் ஆகியவற்றை அழியாத மையால் எழுதுங்கள். பால்பாயிண்ட் எழுத்து ஐஸ் தண்ணீரில் கரைந்துபோய், எது எந்த மானுடையது என்று தெரியாமல் விழிப்பது புதிதல்ல.

மிதப்பு முறையில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது அடுத்த பிழை. ஒப்படர்த்தி 1.20 உள்ள உப்புக் கரைசலில் உருளைப்புழு முட்டை மேலே வரும். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியிலேயே தங்கிவிடும். குளமும் நத்தையும் உள்ள அடைப்பில் தட்டைப்புழுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு அடியில் படிவதை எடுத்துப் பார்க்கும் படிவு முறை வேண்டும். மிதப்பு முறையை மட்டும் செய்த அறிக்கையில் 'இல்லை' என்றிருந்தால், 'மிதக்கவில்லை' என்று மட்டுமே படியுங்கள்.

கட்டமிட்ட கண்ணாடி அறைகளில் முட்டையை எண்ணும் மெக்மாஸ்டர் கணக்கிலும் ஒரு கண் வேண்டும். 3 கிராம் புழுக்கையை 42 மி.லி. கரைசலில் கலந்து, இரண்டு அறைகளையும் எண்ணினால், பார்த்த ஒவ்வொரு முட்டையும் கிராமுக்கு 50 முட்டைக்குச் சமம். ஒன்றும் தென்படாவிட்டால் சுழியம் என்று பொருளில்லை; இந்த முறைக்கு எட்டாத அளவில் இருக்கலாம்.

குடற்புழு மருந்து கொடுத்த மூன்றாம் நாளே மறுபரிசோதனை செய்து மகிழ்வதும் நடக்கிறது. புழு சாகாமலேயே சில நாட்கள் முட்டையிடுவதை நிறுத்திக்கொள்ளும். அதனால் 10 முதல் 14 நாள் கழித்துத்தான் மறுபடி எண்ண வேண்டும். ஆட்டுக்கு வகுத்த அளவுகோலின்படி முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையாவிட்டால் மருந்துக்குப் புழு பழகிவிட்டதோ என்று சந்தேகிக்கலாம். மானில் அந்த முடிவுக்கு வருமுன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். ஒரே தொட்டியில் தீவனத்தோடு மருந்தைக் கலந்து வைத்தால் பெரிய கொம்பன் தன் பங்கையும் குட்டிகளின் பங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். அரை வயிறு மருந்து போன மானில் புழு சாகாதது மருந்தின் குற்றமல்ல. தொட்டிகளைப் பிரித்துத் தள்ளித்தள்ளி வையுங்கள்.

பிடிப்பதும் ரத்தம் எடுப்பதும்

புள்ளிமானை ஆடு பிடிப்பதுபோல் துரத்திப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் அதற்கான விலையை மான் பிறகு கொடுக்கும். துரத்தலில் தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், கால்கள் விறைக்கும். சில மான்கள் அன்றே விழும். மற்றவை பல நாள் கழித்து விழும். அப்படித் தாமதமாக இறந்தால் யாரும் அதைப் பிடித்த நாளோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 'திடீர் மரணம், காரணம் தெரியவில்லை' என்று பதிவேடு மூடப்படும். பிரேதப் பரிசோதனையில் தொடைத் தசையில் வெளிறிய கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மயக்க ஊசி போடுவதென்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை சேலத்தில் பத்து மணிக்கு மேல் அந்த வேலையைத் தொடாதீர்கள். கண்ணைக் கட்டி, மார்பின் மேல் படுக்க வைத்து, கழுத்தை உயர்த்தி மூக்கை மட்டும் தாழ்த்திப் பிடித்தால், எதுக்கலித்து வரும் இரைப்பை நீர் மூச்சுக்குழலில் இறங்காமல் வெளியே வழியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடல் வெப்பம் பாருங்கள். 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரத்தத்தைப் படிப்பதில் ஒரு சுவாரசியமான பொறி இருக்கிறது. மான் இனங்கள் பலவற்றின் சிவப்பணுக்கள் உடலுக்கு வெளியே காற்றுப் பட்டதும் அரிவாள் போல் வளைந்துவிடும். 1840-லேயே பதிவான செய்தி இது. மனிதரின் அரிவாள் அணு நோயோடு இதைக் குழப்பிக்கொண்டு 'ரத்தசோகை' என்று எழுதக் கூடாது. உயிருள்ள மானுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. அதேபோல் ஆட்டுக்கான அட்டவணையை எடுத்து மானின் அளவுகளை ஒப்பிடுவதும் ஆகாது. சைலசின் என்ற மயக்க மருந்து கொடுத்த மானில் சர்க்கரை ஏறியிருக்கும், சிவப்பணுக்களின் அடர்த்தி குறைந்திருக்கும். துரத்திப் பிடித்ததில் தசை நொதிகள் தாறுமாறாக ஏறியிருக்கும். என்ன மருந்து, எவ்வளவு நேரம் துரத்தியது, ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் ரத்தம் எடுத்தது என்று மூன்றையும் படிவத்தில் எழுதாவிட்டால் அந்த எண்களுக்கு மதிப்பில்லை.

ஆமைக்கு ஊதா மூடிக் குழாய் வேண்டாம், அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் ஆமையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சை மூடியுள்ள லித்தியம் ஹெப்பாரின் குழாயே சரி. பறவையில் உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் ரத்தம் எடுக்காதீர்கள். நோயுற்ற பறவையென்றால் பாதியோடு நிறுத்துங்கள்.

மருந்தைப் பற்றி ஓரிரு வரிதான், ஆனால் உயிர் போகும் விஷயம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கைவந்த ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஆமையைக் கொல்லும். இன்னொரு புழு மருந்தான ஃபென்பெண்டசோல் புறாவிலும் கூழைக்கடாவிலும் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துச் சிகிச்சை பெற்று இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) கூட்டம் கூட்டமாக மடிந்ததால்தான் இந்தியா 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தது. அதற்குப் பதில் மெலாக்சிகாம் இருக்கிறது.

இறந்த பிறகு

முதலில் கத்தியை எடுக்காதீர்கள். மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருரத்தம் கசிந்திருந்தால், உடல் விறைக்காமல் இருந்தால், காதுச் சிரையில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெத்திலீன் நீலச் சாயத்தில் பாருங்கள். அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) என்று தெரிந்தால் உடலைத் திறக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி விதைகளாக மாறி ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். அந்த உடலை எரித்துவிட வேண்டும்.

அடைப்பான் இல்லையென்றால் சீக்கிரம் திறந்துவிட வேண்டும். இரைப்பை நொதிக்கும் விலங்கு வெயிலில் நான்கைந்து மணி நேரத்தில் ஊதிவிடும். மருத்துவர் வர நேரமாகும் என்றால் குளிரறையில் வையுங்கள். உறைய வைத்தால் திசுக்கள் சிதையும். திசுத் துண்டு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம். 10 சதவீத ஃபார்மலின், திசுவைப்போல் பத்து மடங்கு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் முழு ஈரலைத் திணித்து, மேலே கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி அனுப்பினால் வெளிப்புறம் பதமாகும், உள்ளே அழுகியிருக்கும். கிருமி வளர்க்கவும் பி.சி.ஆர். பார்க்கவும் ஃபார்மலின் படாத இன்னொரு தொகுப்பு எப்போதும் தனியாக வேண்டும். வெறிநோய் சந்தேகம் என்றால் மூளையை 50 சதவீத கிளிசரால் உப்புக் கரைசலில் போட வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளி மலிவு. ஜவ்வரிசி ஆலைத் திப்பியும் தீவனமாக வருகிறது. பச்சை மரவள்ளி இலையிலும், இளம் சோளத்தட்டையிலும் சயனைடு உருவாக்கும் பொருள் இருக்கிறது. தின்ற சில நிமிடங்களில் மான் விழும். ரத்தம் செக்கச்செவேலென்று இருக்கும். சயனைடு காற்றில் பறந்துவிடும் என்பதால், உடலைத் திறந்தவுடன் இரைப்பைச் சரக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் விளிம்புவரை நிரப்பி மூடி உறைய வைக்க வேண்டும். சயனைடைக் காட்டும் பிக்ரேட் தாள் மஞ்சளிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் கவரில் போட்டு அனுப்பினால் அறிக்கை 'நஞ்சு இல்லை' என்றுதான் வரும். திப்பியின் தொல்லை வேறு: அது வெறும் மாவுச்சத்து, திடீரென்று அதிகம் வைத்தால் இரைப்பை புளித்து மான் படுத்துவிடும்.

வேலிக்கு வெளியே

நோய் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது விலங்கை மட்டுமே பார்ப்பது கடைசிப் பெரும்பிழை. 2000-ல் ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் 12 புலிகளைக் கொன்ற சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் ஈக்கடியால் மாட்டிலிருந்தும் மானிலிருந்தும் பரவக்கூடியது. அந்தக் கிருமி ரத்தத்தில் ஒருநாள் தெரியும், ஒருநாள் மறையும். ஒரே ஸ்லைடில் 'இல்லை' என்று கண்டு விட்டுவிடாமல் அடுத்தடுத்த நாட்களும் எடுக்க வேண்டும். வேலியோரம் மேயும் செம்மறி ஆடு எந்த நோய்க்குறியும் காட்டாமல் சுமக்கும் ஹெர்பீஸ் வைரஸ் ஒன்று மானை மூக்கடைப்புக் காய்ச்சலில் வீழ்த்தும். 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் 1 சிறுத்தையும் எச்5என்1 பறவைக் காய்ச்சலில் இறந்தன. கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழிவை வாங்க ஆசை வரும். உறைய வைப்பதால் இந்த வைரஸ் சாகாது, வேக வைத்தால் சாகும்.

மனிதரும் வேலிக்கு வெளியே இருப்பவர்தான். 2021-ல் வண்டலூர் சிங்கங்களுக்குக் கோவிட் வந்தது நினைவிருக்கலாம். காசநோயும் அப்படி நம்மிடமிருந்து குரங்குக்கும் மானுக்கும் போகக்கூடியது. ஆகவே மானுக்குக் காசநோய்த் தோல் சோதனை செய்யும் ஆண்டில் பராமரிப்பாளருக்கும் சளிப் பரிசோதனை வேண்டும். மானின் கழுத்தில் முடியை மழித்து, 0.1 மி.லி. டியூபர்குலினை (காசநோய்க் கிருமியின் புரதச் சாறு) தோலுக்குள் செலுத்தி, 72 மணி நேரம் கழித்துக் காலிப்பரால் தடிமனை அளக்க வேண்டும். இரண்டாவது முறை பிடிக்கச் சலித்துக்கொண்டு தூரத்திலிருந்து கண்ணால் பார்த்து 'வீக்கம் இல்லை' என்று எழுதுவதாக இருந்தால், முதல் முறை பிடித்து மானைப் பாடுபடுத்தியதே வீண். இரண்டு முறையும் பிடிக்க ஆள், கூண்டு, நேரம் மூன்றும் உறுதியான பிறகே முதல் ஊசியைப் போடுங்கள். இவையெல்லாம் ஆராய்ச்சிக்காகச் செய்வதென்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டியிருக்கும்; அந்தக் கோப்பு நகர மாதங்கள் ஆகலாம், மார்கழிக் குளிரில் பிடிக்க நினைப்பவர் ஆடியிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.